படுத்து வரும் வெயில்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சமூக அக்கறையில் பிறந்தது என்று பொய் சொல்லலாம். எழுத்தாளர்கள் வழக்கமாக அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் கோபம். பழி தீர்க்கத்தான் பேனாவை எடுத்தேன்.

கற்பிட்டிக்குப் போகும் தெருவில், ஆலங்குடாவுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி, கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கமாக ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அங்கே புதிதாக ஒரு பெரிய மண்டபம் கட்டினார்கள். கட்டிக் கொடுத்தவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார். கருவாட்டு வியாபாரம், வெங்காயத் தோட்டம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூன்றும் அவர் கையில். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று அச்சடித்திருந்தது. நான் ஆயுளில் ஒரு கவிதையும் எழுதியவனில்லை. திருத்தச் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. மேடைக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் களப்பு, களப்புக்கு மேலே சூரியன். நான் நாற்பது நிமிடம் பேசினேன். "இது கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய மண்டபமல்ல, ஒளியால் கட்டிய மண்டபம்" என்றேன். கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில், கதிரையைத் தூணின் நிழலுக்குள் இழுத்துப் போட்டிருந்த ஒருத்தி மட்டும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

பொன்னாடையோடு கீழே இறங்கி வந்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னையே பிடித்துக் கேட்டார்: "இப்ப பேசினது யாரு தம்பி? கறுப்பா ஒரு உருவம்தான் தெரிஞ்சிச்சு. மொகம் வெளங்கல்ல."

சிரித்தவள் யார் என்று விசாரித்தேன். ஸஹ்றா. இதே ஊர்ப்பிள்ளை. கல்வி அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதும் பார்த்துக் கையெழுத்து வைப்பதும் அவள் வேலை. கணவன் இன்ஷாப்புக்கு ஹாஜியாரின் கருவாடு காயவைக்கும் வாடியில் மேற்பார்வை உத்தியோகம். சரி, இவளைக் கதையில் ஏற்றி இறக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'காலைச் சூரியன் களப்பு நீரில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், ஸஹ்றா...'

இங்கே நிறுத்திவிட்டேன். சூரியன் பொன்னை உருக்குவதில்லை. அந்த வேளையில் அது, பிறகு நான் அறிந்தபடி, அந்த மண்டபத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது: 'அறியாமை இருளை அகற்றும் கல்வி ஒளியை நன்கு உணர்ந்திருந்த ஸஹ்றா...'

இது பரிசளிப்பு விழாப் பேச்சு. என்னிடம் இந்த மாதிரி இன்னும் பதினைந்து கிடக்கின்றன. தேவையான அதிபர்கள் தபாலட்டை போட்டால் அனுப்பி வைப்பேன்.

மூன்றாவது: 'ஸஹ்றா திமிர் பிடித்தவள்.'

மூன்றிலும் இதுதான் உருப்படி. என் அன்றைய மனநிலைக்கு உண்மையாகவும் இருந்தது. ஆனால் அடுத்த வரி வரவில்லை. அவள் எதற்குச் சிரித்தாள் என்று தெரியாமல் அவளுடைய திமிரை எத்தனை பக்கத்துக்கு இழுப்பது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் ஓசியில் கிடைத்த சொல். நம்பிக்கை என்றால் வெளிச்சம், அறிவு என்றால் வெளிச்சம், கதை முடியவில்லை என்றால் கிழக்கு வெளுக்கும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கொப்பியில் விழுகிறதா கண்ணில் விழுகிறதா என்று ஒருவனும் கேட்டதில்லை. நானும்தான். ஆகவே கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்து விசாரிக்கப் போனேன். பின்னால் வருவதில் பாதி விசாரித்தது, பாதி இட்டுக்கட்டியது. எது எது என்று பிரித்துக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

3.

வரைபடம் சரியாகத்தான் இருந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஸஹ்றா வரைந்த மண்டபம் கிழக்கு மேற்காக நீண்டிருந்தது. நீளமான சுவர்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்த்தன. இரண்டிலும் யன்னல்கள், யன்னல்களின் மேல் விளிம்பு நல்ல உயரத்தில். யன்னல் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குத்தான் வெளிச்சம் உள்ளே போகும். இரண்டு பக்கமும் திறந்தால் நடுவில் இருக்கிற பிள்ளைக்கும் பங்கு கிடைக்கும். கரும்பலகை மேற்குச் சுவரில்; அதைப் பார்த்து உட்காரும் பிள்ளைக்குத் தெற்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும், எழுதுகிற கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. நம்முடைய நாட்டில் சூரியன் தலைக்கு மேலால் போகிறது. வடக்கிலும் தெற்கிலும் கூரை விளிம்பைக் கொஞ்சம் நீட்டி விட்டால் வெயில் வெளியே நிற்கும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.*

(* வெயில் வேறு, வெளிச்சம் வேறு. இது எனக்கு விளங்க ஐம்பத்திரண்டு வயதாயிற்று. அதற்கு முன்பே 'ஒளி' என்ற சொல்லை நான்கு புத்தகத் தலைப்புகளில் வைத்துவிட்டேன்.)

அத்திவாரத்துக்குக் குற்றி அடித்த நாளில் ஸஹ்றா வேறொரு பள்ளிக்கூடத்தில் கூரை பார்க்கப் போயிருந்தாள். நூல் பிடித்தவர் யாகப்பு பாஸ். ஊரிலுள்ள மேசன்மாருக்கெல்லாம் அவர்தான் மூத்தவர். மூன்று பள்ளிவாசல் கட்டியவர். அந்தக் கை எந்த வெறுங்காணியைக் கண்டாலும் முதலில் கிப்லாவைத்தான் தேடும். மக்காவின் திசை இங்கிருந்து மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வாக. தொலைபேசியில் திசையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஹாஜியார், ஹோலைக் குறுக்கால திருப்பிப் போட்டா நோம்பு காலத்துல தராவீஹ் தொழவும் ஏலும். ஸப்பு நேரா வரும்."

"மாஷா அல்லாஹ். அப்பிடியே செய்ங்க பாஸ்," என்றார் ஹாஜியார்.

நான்கு குற்றிகளும் பிடுங்கப்பட்டு இடம் மாறின; தொழுகை வரிசைகள் நீளமாக நிற்கும்படி, நீளச் சுவர்கள் இப்போது கிழக்கையும் மேற்கையும் பார்த்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. தொழும்போது முன்னால் யன்னல் இருந்தால் கவனம் சிதறும். ஆகவே மேற்குச் சுவரில் யன்னல் இல்லை. தொழுகிறவர்களுக்கு முன்னால் மேடை இருக்கக் கூடாது. ஆகவே மேடை கிழக்கே போனது. மேற்கில் அடைத்ததைக் கிழக்கில் ஈடு செய்ய வேண்டும். ஆகவே சுவர் நிறையக் கண்ணாடி, பாலாவி வழியாக லொறியில் வந்து இறங்கியது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நியாயம். சேர்த்துப் பார்த்தால் ரொட்டி சுடும் போறணை. கடல் காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதற்குச் சுவர். காலை வெயில் கிழக்கிலிருந்து வருகிறது, அதற்குக் கண்ணாடி.

உச்சி வெயிலை சன்ஷேட் மறிக்கும். காலை வெயில் படுத்துக்கொண்டு வரும். அதை எந்த சன்ஷேட்டும் மறிக்காது. ஜனவரியில் சூரியன் அந்தக் கண்ணாடிக்கு நேரெதிரே எழும்புகிறது. போதாததற்குக் களப்புத் தண்ணீரில் பட்டு, கீழிருந்து இன்னொரு சூரியன். பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் அது உண்மையிலேயே அருமையான மண்டபம். பிள்ளைகள் ஒன்றரை மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

4.

மண்டபம் திறந்து இரண்டாம் கிழமை, அதைப் பலகைத் தட்டியால் மறித்து மூன்று வகுப்புகளைக் கொண்டுபோய் உள்ளே போட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். பழைய கட்டடத்தை இடித்து, அதே இடத்தில் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்று எழுப்பப் போகிறார்களாம். மண்டபத்தோடு ஒரே வரிசையில், அதே திசையில்.

அந்தப் பழைய கட்டடத்தைப் பற்றி யாரும் உருக வேண்டாம். அரைச்சுவர், ஓட்டுக் கூரை. ஆடு வரும், காகம் வரும், மழை வரும். வெளிச்சமும் வரும், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஸஹ்றா மண்டபத்துக்குப் போய் ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தாள். பளீலா டீச்சர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கரும்பலகைக்குப் பதிலாகப் புதிய வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். அது மேற்குச் சுவரில், கண்ணாடிக்கு நேரெதிரே. பலகையில் எழுத்து இல்லை, சூரியன்தான் இருந்தது. தூணின் நிழல் விழுந்த ஒரே ஒரு மேசையில் இருந்த பெண்பிள்ளை மட்டும் எழும்பி நின்று வாசித்தாள்: "எட்டில் மூன்று, கூட்டல், நாலில் ஒன்று." மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள்.

ஸஹ்றா பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாள். "போர்டு தெரியல்லயா புள்ள?"

"தெரியும் மிஸ். பத்தரைக்குப் பொறகு தெரியும்."

"அது வரைக்கும்?"

"அஸ்னா வாசிப்பா."

"அஸ்னா வராத நாள்ல?"

"அண்டைக்குக் கணக்கு இல்ல மிஸ்."

(முதல் வரைவில் அஸ்னாவை ஸஹ்றாவின் மகளாக்கியிருந்தேன். கண்ணில் நீர் வடியும், வைத்தியர் கண்ணாடி எழுதிக் கொடுப்பார், தாய் துடிப்பாள். நீங்களும் துடித்திருப்பீர்கள். பிறகு எனக்கே அருவருப்பாக இருந்தது. சொந்தப் பிள்ளையின் கண்ணென்றால் யார்தான் பேச மாட்டார்கள்? மகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அஸ்னா ஒரு மீனவரின் பிள்ளை. ஸஹ்றாவுக்கு அவள் யாருமில்லை. இனி ஸஹ்றா தனக்கு யாருமில்லாத ஒரு பிள்ளைக்காகத்தான் வாய் திறக்க வேண்டும். திறப்பாளா என்று எனக்கும் சந்தேகம்தான்.)

கண்ணாடியைச் சீலை போட்டு மறைக்கலாமே என்று ஸஹ்றா பளீலா டீச்சரிடம் கேட்டாள். போட்டுப் பார்த்தார்களாம். மூன்று வகுப்பும் இருட்டாகி, காலை எட்டு மணிக்கு இருபத்துநாலு டியூப் விளக்கு எரிந்ததாம். பிறகு அதிபர் வந்து சீலையைக் கழற்றச் சொன்னாராம். "கண்ணாடி மறையுதாம். ஹாஜியார் கண்டா மனம் நோவாராம்," என்றார் டீச்சர்.

ஹாஜியாரின் மனம் நோகாமலிருக்க நூற்றிருபது பிள்ளைகளின் கண் நோகிறது. ஸஹ்றாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெள்ளைப் பலகையைக் கழற்றிக் களப்பில் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் எதையும் வீசுவதில்லை, கோப்பில் குறிப்பு எழுதுவார். அவளும் எழுதினாள்: 'இரண்டாவது கட்டடத்தின் திசை மாற்றப்பட வேண்டும்.'

5.

குறிப்பு எழுதினால் சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேச வேண்டும் என்பது நடைமுறை. பழைய கட்டடத்தில் கூடினார்கள். ஹாஜியார், அதிபர் நௌஃபர், யாகப்பு பாஸ், ஸஹ்றா. இன்னும் இடிக்காத அந்தக் கட்டடத்தைச் சுற்றி இரண்டாவது கட்டடத்துக்கான குற்றிகள் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தன. அத்திவாரம் வெட்டுவதற்கு அவளுடைய பரிந்துரை ஒன்றுதான் பாக்கி.

"ஹாஜியார், இதையாவது வடக்குத் தெற்குப் பார்த்துப் போடுங்க. ஆறு வகுப்பு வரப்போகுது. ஒருக்கா வெட்டினா அம்பது வருசத்துக்கு மாத்த ஏலாது," என்றாள்.

"மகள், இது கிப்லாட விசயம். அதுல கை வெக்காதீங்க."

இந்தப் பதில் வருமென்று அவளுக்குத் தெரியும். கைப்பையைத் திறந்து ஒரு நூல் பந்தையும் வெண்கட்டியையும் எடுத்தாள். பாஸிடம் தொலைபேசியில் திசை பார்த்துத் தரச் சொன்னாள். அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையைப் பிடித்தாள். அந்தக் கட்டடத்தின் தரையில், சுவருக்குச் சரிவாக, மூலைவாட்டில் ஆறு கோடுகள் விழுந்தன.

"இதுல நின்டு தொழ ஏலாதா பாஸ்?"

யாகப்பு பாஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் கோட்டில் போய் நின்று முன்னால் பார்த்தார். "ஏலும்," என்றார். "என்ட ஊடு தெருவப் பார்த்துக் கட்டினது. முப்பது வருசமா மூலையப் பார்த்துத்தான் பாய் போடுறன்." யாரும் கேட்காமலே மேலும் சொன்னார்: "ஹாஜியார்ட ஊட்டயும் நான்தான் கட்டினன். அதுவும் மூலைக்குத்தான்."

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். இந்த ஊரில் எந்த வீட்டுக்குள் போய் வேண்டுமானாலும் பாருங்கள். வீடு ஒரு பக்கம் பார்க்கும், தொழுகைப் பாய் இன்னொரு பக்கம் பார்க்கும். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது குறையாகிவிட்டது.)

"கோட்டத் திருப்பலாம் ஹாஜியார். சுவரத் திருப்ப ஏலாது," என்றாள் ஸஹ்றா.

ஹாஜியார் வாதத்தில் தோற்றுவிட்டார். ஆனால் காரியத்தில் தோற்கிற ஆளில்லை. தாடியை இரண்டு தரம் தடவிவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"சரி மகள். அப்ப அந்த மேக்குச் சுவரு?"

"அதுக்கு என்ன?"

"தெருவால போற பஸ்ஸுக்குத் தெரியிறது அதுதானே. ஹோல் சுவர்ல வாப்பாட பேரு இருக்கு. இதுல உம்மாட பேரு வரணும். நீங்க சொல்ற மாதிரித் திருப்பினா தெருப்பக்கம் வாறது ஒல்லிச் சுவரு. அதுல எத்தின எழுத்துக் கொள்ளும்?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பாஸ் திருப்பியது தொழுகைக்காக. அது நேர்மையான பிழை. ஹாஜியார் சம்மதித்தது பஸ்ஸுக்காக. நாலடி உயர எழுத்து எழுதுவதற்கு ஒரு நீளச் சுவர் தேவை. நடுவில் யன்னல் வைத்தால் பெயர் உடைந்துபோகும். கிப்லாவை முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் பெயின்ட் வாளியோடு நின்றிருக்கிறார் மனிதர்.

அதிபர் நௌஃபர் தொண்டையைச் செருமினார். "மிஸ் சொல்றதும் நியாயம். ஹாஜியார் சொல்றதும் நியாயம்." இருபத்தாறு வருட சேவையில் நௌஃபர் சேர் ஒரு பக்கமும் சாய்ந்தவரில்லை. அவர் ஒரு கட்டடமாக இருந்திருந்தால் சூரியனே திசை தெரியாமல் திண்டாடியிருக்கும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல் எண்டாளாம்," என்று எழும்பினார் ஹாஜியார். "படிக்கிற புள்ள எந்த வெளிச்சத்துலயும் படிக்கும். நாங்க குப்பி விளக்குலதானே படிச்சோம்."

"எத்தினாம் வகுப்பு மட்டும் படிச்சீங்க ஹாஜியார்?"

"அஞ்சு," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் தோன்றியது. ஆனால் கேட்டதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

6.

இங்கே கதையை முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) ஸஹ்றா கையெழுத்து வைக்க மறுக்கிறாள். மேலிடம் மனம் மாறுகிறது. கட்டடம் திரும்புகிறது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். இந்த நாட்டில் கோப்பு வைத்திருக்கும் எந்த அலுவலகத்துக்காவது போயிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த முடிவை நானே கிழித்துப்போட்டதற்குக் காரணம் கேட்க மாட்டீர்கள்.

(ஆ) ஸஹ்றா கையெழுத்து வைக்கிறாள். வீட்டுக்குப் போய் அழுகிறாள். பெண் அழுதால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அழுதுவிட்டு அவள் சோறு வடித்திருப்பாள், அதை எழுத மாட்டோம்.

(இ) விடிய முன்னர் யாகப்பு பாஸ் தனியே வந்து குற்றிகளைப் பிடுங்கித் திசை மாற்றி அடித்துவிட்டுப் போகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஆனால் ஹாஜியாருடைய அடுத்த கட்டடத்துக்கும் நூல் பிடிக்கப் போகிறவர் அவர்தான். அவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது எனக்குச் சுலபம். நான் மேசன் இல்லை.

மூன்றும் பொய். வேறு வழியில்லாமல், எழுதியதை எடுத்துக்கொண்டு ஸஹ்றாவிடமே போனேன்.

7.

அலுவலகத்தில் அவளுடைய மேசை யன்னலுக்கு வலப்பக்கமாக, வெளிச்சம் இடக்கைப் பக்கமிருந்து விழும்படி போடப்பட்டிருந்தது. பக்கம் பக்கமாக வாசித்தாள். ஒன்றிரண்டு இடத்தில் பென்சிலால் திருத்தினாள். தான் நூல் பந்தோடு போனதாக நான் எழுதியதை வாசித்து, "பரவாயில்ல, அத விடுங்க" என்றாள். பிறகு சொன்னாள்:

"நான் சிரிச்சது உங்களப் பார்த்து இல்ல சேர்."

"பிறகு?"

"என்னப் பார்த்து. ஹோல் கட்டி முடிஞ்ச பொறகு நான்தான் போய்ப் பார்த்தன். திசை மாறி இருந்திச்சு. ஆனா அளவெல்லாம் சரி. படிவத்துல அளவுக்குக் கட்டம் இருக்கு, திசைக்கு ஒரு கட்டமும் இல்ல. கையெழுத்து வெச்சிட்டன். இன்ஷாப்புக்கு அந்த மாசம்தான் வாடியில வேல கிடைச்சிருந்திச்சு." அவள் தாள்களை அடுக்கினாள். "நீங்க ஒளியால கட்டின மண்டபம் எண்டு சொல்லக்குள்ள, இதுக்கு நானும் கையெழுத்து வெச்சவதானே எண்டு நினைச்சன். சிரிப்பு வந்திட்டுது."

என் பாத்திரம் நான் நினைத்ததைவிடக் கெட்டவளாகவும் நல்லவளாகவும் இருந்தாள்.

அவள் அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துத் திறந்து காட்டினாள். அவளுடைய குறிப்பு இருந்தது. அதற்குக் கீழே, எந்தக் காலை எந்த நேரத்தில் எந்த மேசைக்குப் பலகை தெரியாது என்று அவள் எழுதிய இரண்டு பக்க அட்டவணை. அதற்குக் கீழே அதிபரின் கடிதம். கடிதத்தோடு ஒரு பத்திரிகைத் துண்டு இணைக்கப்பட்டிருந்தது. அதில் என் படம் இருந்தது. படத்தில் என் முகம் தெரியவில்லை, செய்தியில் என் பெயர் தெரிந்தது. 'ஒளியால் கட்டிய மண்டபம்: கவிஞர் புகழாரம்.' ஓரத்தில் யாரோ மேலதிகாரி பச்சை மையால் எழுதியிருந்தார்: 'அறிஞர் பெருமக்களே பாராட்டியுள்ளனர். ஆட்சேபனை மீள்பரிசீலனைக்கு.'

இரண்டு பக்க அட்டவணையை என்னுடைய ஒரு வரி வீழ்த்திவிட்டது. என் எழுத்துக்கு இப்படி ஒரு சக்தி இருந்ததாக எந்த விமர்சகனும் எழுதியதில்லை.

"நான் என்ன செய்யட்டும்? கதையில் ஹாஜியாரை நன்றாக ஏசட்டுமா?" என்று கேட்டேன்.

"கதை வேணாம் சேர். ஒரு கடிதம் தாங்க. மேடையில நீங்க சொன்னது பிழை எண்டு. புதன்கிழமை ஃபைல் மேல போகும். அதுக்குள்ள வந்தா நான் சேர்த்து வெப்பன்."

"உங்களுக்கு இன்ஷாப்பின் வேலை...?"

"அது போகும்," என்றாள். "நேத்து அவரிட்டச் சொல்லிட்டன்."

8.

கடிதம்.

'மதிப்புக்குரிய ஐயா, ஒளி என்பது யாதெனில்...' நிறுத்தினேன்.

'கடந்த விழாவில் அடியேன் ஆற்றிய உரை, அதன் சூழமைவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு...' பொய். யாரும் பிரித்தெடுக்கவில்லை. சொன்னதைத்தான் போட்டார்கள்.

'எனது கூற்றை உவமையாகக் கொள்ளாமல்...' இதை முடித்தால் நான் மனிதனே இல்லை.

ஒரு பகல் முழுக்கப் போராடி இவ்வளவு வந்தது:

'காலை பத்தரை மணி வரை அந்த மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பலகை தெரிவதில்லை. எனக்கு இது தெரியாது, தெரியாமல் புகழ்ந்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்வதுபோல் இரண்டாவது கட்டடத்தைத் திருப்பிக் கட்டுங்கள்.'

மூன்று வரி. முப்பது வருடமாக எழுதுகிறேன். உவமை இல்லாமல் நான் எழுதிய முதல் மூன்று வரி இவை.

இனி உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். வருகிற சனிக்கிழமை என்னுடைய புதிய கதைத் தொகுதிக்கு வெளியீட்டு விழா. இடம், அதே மண்டபம். முதற்பிரதி பெற்றுச் சிறப்பிப்பவர் அல்ஹாஜ் ஹயாத்து முகம்மது அவர்கள். நம்முடைய நாட்டில் எழுத்தாளன் புத்தகத்தை எழுதத்தான் முடியும். மேடையில் ஒரு செல்வந்தர் வந்து முதற்பிரதியை இரண்டு கையாலும் வாங்கிப் படத்துக்கு நின்றால்தான் அது வெளியே வரும். இல்லாவிட்டால் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். என்னுடைய கடைசி இரண்டு புத்தகங்களும் அங்கேதான் கிடக்கின்றன. இந்தத் தொகுதிக்கு ஒரு கதை குறைகிறது என்று அச்சகக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் குறைகிற கதைதான் நீங்கள் இப்போது வாசிப்பது.

ஹாஜியாரின் சுவரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தேன். அவர் பெயரை பஸ்ஸில் போகிறவன் பார்க்க வேண்டும். என் பெயரை நூலகத்துக்குப் போகிறவன் பார்க்க வேண்டும். அவர் அதற்குச் சொந்தப் பணத்தைச் செலவழிக்கிறார், நான் அவருடையதை. அவர் தன்னை 'கவிஞர்' என்று ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தையும் ஒரு நல்ல பந்தியாக எழுதிவிட்டேனா என்று திரும்ப வாசித்துப் பார்க்கிறேன் என்பது இன்னும் பெரிய வெட்கம்.

9.

இன்று செவ்வாய்க்கிழமை. கடிதம் உறையில் இருக்கிறது. உறையின்மேல் முகவரியும் எழுதியாயிற்று. அலுவலகம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். நாளை கோப்பு மேலே போகிறது.

கடிதம் எழுதச் சொன்னவளுக்கு நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எழுதுவது என்பது பல சமயங்களில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் இருப்பதற்கான வழிதான். மூன்று வரியைக் கொடுக்கப் பயந்தவன் முந்நூறு வரி எழுதிவிட்டு, நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பான். அவன் உண்மையைச் சொன்னது உங்களிடம். உங்களிடம் கோப்பு இல்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். நான் எழுத மாட்டேன். எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அந்த அளவுக்கு என்னை எனக்குத் தெரியும். ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம், சிரமமில்லை.

ஒன்று மட்டும் விளக்கி விடுகிறேன். கடிதம் போனால் ஹாஜியார் சனிக்கிழமை மேடைக்கு வர மாட்டார். மறுபக்கம், கடிதம் போகாமல் இந்தக் கதை மட்டும் புத்தகத்தில் வந்தால் அவர் கோபிப்பாரே என்று எனக்காகப் பயப்பட வேண்டாம். முதற்பிரதி வாங்கியவர் அந்தப் புத்தகத்தை வாசித்தார் என்ற சரித்திரம் இந்த மாவட்டத்தில் இல்லை. கதையில் அவரை எவ்வளவும் ஏசலாம். அது பாதுகாப்பான வீரம்.

ஆகவே உங்கள் கையில் இருக்கிற புத்தகத்தின் ஆரம்பத் தாள்களைப் புரட்டுங்கள். உரிமைப் பக்கத்துக்கு அடுத்ததாக 'நன்றி' என்று ஒரு பக்கம் இருக்கும்; அது புதன்கிழமைக்குப் பிறகுதான் அச்சாகிறது. அதை யாரும் வாசிப்பதில்லை; மற்றவர்களின் புத்தகத்தில் நானும் வாசிப்பதில்லை. இந்த ஒரு தடவை வாசியுங்கள். அங்கே ஹாஜியாரின் பெயர் இருந்தால், நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.